மின்கம்பியில் வரும் மெய்த்திறன்

குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறியவேண்டிய சில விஷயங்கள்

திருவள்ளூர் ஜில்லாவில் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களில் சொர்ணவாரி நெல் கதிர்விட்டுப் பால் பிடிக்கும் காலம் வைகாசி, ஆனி மாதங்களின் வெயிலோடு கூடியதாகும். அச்சமயத்தில் இரண்டு மூன்று நாள் நீர் தவறினாலும் கதிர்கள் பதராய்ப் போகும். அத்தகைய வேளையில் கிணற்றடிக்குச் சென்று ஸ்டார்ட்டரின் பொத்தானை அழுத்தினால், மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்பதையும், சற்று நேரத்தில் காயில் தீய்ந்த வாடை எழுவதையும் கண்டு வருந்தாத குடியானவர்கள் சிலரே. அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி அவருடைய வரப்பிலிருந்தே தெரிகிறது. உயர் அழுத்தக் கம்பிகளைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள் அவருடைய வயலின் மீதே செல்கின்றன. “இவ்வளவு அருகில் மின்சாரம் உற்பத்தியாகியும் என் கிணற்றுக்கு அது போதாமல் போவானேன்?” என்று அவர் கேட்பது இயல்பே.

இக்கேள்விக்குத் தக்க விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கம்பி சுமந்து வருவது முழுவதும் வேலை செய்யும் திறன் அன்று. அதில் ஒரு பகுதியே நீரை இறைக்கிறது. மற்றொரு பகுதி வேலை எதுவும் செய்யாமல் போவதும் வருவதுமாக இருந்து, கம்பியின் இடத்தை அடைத்துக்கொள்ளுகிறது. முதற்பகுதியை மெய்த்திறன் என்பர். இவ்விரண்டின் வேற்றுமையை அறிந்தவர் தம் மோட்டாரையும் காத்துக்கொள்ளலாம். தம் ஊர் டிரான்ஸ்பார்மரையும் காக்கலாம்.

வடசென்னையும் மின்சாரமும்

சென்னை நகரத்திற்கு முற்காலத்தில் மின்சாரம் அளித்து வந்தது பேஸின் பிரிட்ஜ் நிலையமாகும். தனிக் கம்பெனி ஒன்றின் வசம் இருந்த நகர மின்சார விநியோகம் 1947-ஆம் ஆண்டில் சர்க்காரைச் சேர்ந்தது. அதற்கு முன்னரே மாகாணத்தின் பிற பகுதிகளில் நீர்வீழ்ச்சிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் வேலைகள் தொடங்கியிருந்தன. பைக்காரா 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் மின்சாரம் அளிக்கத் தலைப்பட்டன. பைக்காராவின் கம்பிகள் சமவெளிக்கு இறங்கிய பின்னர்க் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கவலை மாடுகளுக்குப் பதிலாக மோட்டார்கள் ஏறத் தொடங்கின.

வடசென்னைக் கடற்கரையில் எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிப் படிப்படியாக 450 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து, 2017-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதற்கு வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையத்தின் முதற்கட்டம் 1994 முதல் 1996 வரையில் மூன்று யந்திரங்களோடு அமைந்தது. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். பின்னர் 600 மெகாவாட் யந்திரங்கள் இரண்டு சேர்க்கப்பட்டன. வல்லூரில் 500 மெகாவாட் யந்திரங்கள் மூன்று உள்ளன. இவற்றுக்கு வேண்டிய நிலக்கரியைக் கப்பல்களிலிருந்து இறக்குவதற்கென்றே எண்ணூர்த் துறைமுகம் முதலில் திட்டமிடப்பட்டது. அது 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

இந்நிலையங்களில் மின்சாரம் உயர் அழுத்தத்திற்கு ஏற்றப்பட்டுக் கோபுரக் கம்பிகளின் வழியே துணை மின்நிலையங்களுக்குச் செல்கிறது. அங்கே 110 கிலோவோல்ட், 33 கிலோவோல்ட், 11 கிலோவோல்ட் என்று படிப்படியாக இறக்கப்பட்டு, கடைசியில் ஊர் எல்லையிலுள்ள டிரான்ஸ்பார்மரில் 415 வோல்ட் மும்முனை மின்சாரமாகிக் கிணற்றடியை அடைகிறது. வயலின் மீது செல்லும் பெரிய கம்பி நம் மோட்டாருக்கு நேரே மின்சாரம் தருவதன்று. பேராற்றின் கரையில் நிலம் வைத்திருப்பவருக்கும் வாய்க்காலின் மடையில்தானே நீர் கிடைக்கிறது? அதுபோலவே, புகைபோக்கி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும், நம் கிணறு மின்சாரத்திற்குக் கடைமடையாக இருக்கக்கூடும்.

தோணியும் இழுகயிறும்

மெய்த்திறன் இன்னதென்று விளங்கிக்கொள்ள, இப்பகுதியினர் நன்கறிந்த பக்கிங்ஹாம் கால்வாயை நினைவுகூர்வோம். சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806-ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கிய இக்கால்வாய், பிற்காலத்தில் வடக்கேயும் தெற்கேயும் நீண்டது. சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் இதன் வழியே சென்னைக்கு வந்தன. காற்று இல்லாதபோது ஆட்கள் கரைமீது நடந்து, நீண்ட கயிற்றினால் தோணியை இழுத்துச் செல்வர்.

தோணி நீரின் நடுவே உள்ளது. இழுப்பவர் கரையில் இருக்கிறார். ஆகவே கயிறு சாய்வாகவே நிற்கும். அவருடைய இழுப்பில் ஒரு பகுதி தோணியை முன்னோக்கிச் செலுத்துகிறது. மற்றொரு பகுதி அதனைக் கரைப்பக்கம் இழுக்கிறது; சுக்கான் பிடிப்பவர் அதனைத் தடுத்துத் தோணியை நேராக வைக்கிறார். தோணி பட்டினத்தை அடைவது முதற்பகுதியினாலேயே. ஆயினும் கயிறு இரண்டு பகுதிகளையும் சேர்த்தே தாங்கவேண்டும். இழுப்பவர் தோளில் தழும்பு ஏறுவதும் முழு இழுப்பினாலேயே. கயிறு எவ்வளவுக்குச் சாய்கிறதோ, அவ்வளவுக்கு அதே வேலைக்குத் தடித்த கயிறு தேவைப்படும்.

மின்கம்பியின் நிலையும் இதுவே. தோணியை முன்செலுத்தும் பகுதி மெய்த்திறன். இதனை வாட், கிலோவாட் என்ற அளவைகளால் அளப்பர். கயிறு தாங்கும் முழு இழுப்புப் போன்றது தோற்றத்திறன்; வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது; கே.வி.ஏ. என்று அளக்கப்படும். டிரான்ஸ்பார்மரின் பலகையில் 63 என்றும் 100 என்றும் எழுதியிருப்பது இந்த அளவே. பக்கவாட்டில் வீணே இழுக்கும் பகுதியை எதிர்வினைத்திறன் என்பர். முழு இழுப்பில் முன்செல்லும் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டும் பின்னத்திற்குத் திறன் காரணி என்று பெயர். மின்சார உத்தியோகஸ்தர்கள் இதனைப் ‘பவர் பாக்டர்’ என்பர். கயிறு கால்வாயோடு ஒரே நேராக நின்றால் காரணி 1. சாயச் சாய அது குறையும்.

கைமாற்று வாங்கும் மோட்டார்

எதிர்வினைத்திறன் எங்கிருந்து தோன்றுகிறது? நம் கிணற்று மோட்டார் ஓர் இண்டக்ஷன் மோட்டார். அது சுழல்வதற்கு முதலில் அதன் காயில்களில் காந்தம் உண்டாகவேண்டும். மின்னோட்டம் ஒரு விநாடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுவதால் அக்காந்தமும் எழுவதும் அடங்குவதுமாக இருக்கும். எழும்போது கம்பியிலிருந்து சக்தியை வாங்கிக்கொள்ளும். அடங்கும்போது வாங்கியதைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கும். இவ்வாறு ஒரு விநாடியில் நூறு முறை வாங்குவதும் கொடுப்பதும் நிகழ்கின்றன.

இது கைமாற்று வாங்குவதை ஒக்கும். காலையில் வாங்கிய கைமாற்றை மாலையில் அப்படியே திருப்பித் தருபவரிடம் நாணயக் குறைவு எதுவும் இல்லை. ஆயினும் கடன் கொடுப்பவர் வெகு தொலைவிலுள்ள பட்டினத்தில் இருப்பாராயின், நாள்தோறும் போய்வரும் வண்டிக்கூலி யார் தலையில் விழும்? காந்தத்திற்கு வேண்டிய இந்தக் கைமாற்று டிரான்ஸ்பார்மரையும், துணை மின்நிலையத்தையும், நெடுந்தூரக் கம்பிகளையும் கடந்து போய்வருகிறது. கடன் திரும்பிவிடுகிறது, ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு கம்பியும் அதனைச் சுமந்து சூடேறுகிறது. அச்சூட்டில் அழிவது மெய்த்திறனே. எண்ணூர்க் கரையில் எரித்த நிலக்கரியின் பயனில் ஒரு பங்கு இவ்வாறு காற்றோடு கலந்து போகிறது.

ஒரு சிறு கணக்கு

முதலில் மோட்டார் செய்யும் உண்மையான வேலையைப் பார்ப்போம். நீரின் எடையும் அதனைத் தூக்கும் உயரமும் சேர்ந்ததே அவ்வேலை. ஒரு கிலோவாட் மெய்த்திறன் ஒரு விநாடியில் ஏறக்குறைய 102 கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும். ஆகவே 15 மீட்டரிலிருந்து இறைத்த நீரை 30 மீட்டரிலிருந்து இறைக்க நேர்ந்தால், அதே நீருக்கு இருமடங்கு மெய்த்திறன் வேண்டும். இதற்கு எந்தக் கருவியாலும் தள்ளுபடி பெற முடியாது.

5 குதிரைச் சக்தி மோட்டார் முழுச் சுமையில் தண்டில் தருவது 3.73 கிலோவாட். மோட்டாருக்குள் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்து, கம்பியிலிருந்து அது வாங்கும் மெய்த்திறனைச் சுமார் 4.5 கிலோவாட் என்று கொள்ளலாம். இதன் திறன் காரணி 0.75 ஆயின், தோற்றத்திறன் 6 கே.வி.ஏ. ஆகும், ஒவ்வொரு முனைக் கம்பியிலும் சுமார் 8.3 ஆம்பியர் ஓடும். எதிர்வினைத்திறன் ஏறக்குறைய 4 கிலோவார்.

இப்போது மோட்டாரின் அருகே 2 கிலோவார் அளவுள்ள கெப்பாசிட்டர் ஒன்றை இணைப்போம். மோட்டாரின் காந்தம் சக்தியை வாங்கும் அதே கணத்தில் கெப்பாசிட்டர் கொடுக்கும். காந்தம் திருப்பும் கணத்தில் கெப்பாசிட்டர் வாங்கிக்கொள்ளும். பட்டினத்துக் கடனுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக் கைமாற்று ஏற்பட்டுவிட்டது. பாதி எதிர்வினைத்திறன் கிணற்றடியிலேயே தீர்ந்துபோவதால், கம்பியில் வருவது 2 கிலோவார் மட்டுமே. திறன் காரணி 0.91-க்கு மேல் உயரும். தோற்றத்திறன் 4.9 கே.வி.ஏ.; மின்னோட்டம் 6.8 ஆம்பியர். நீர் ஒரு குடம்கூடக் குறையவில்லை. மெய்த்திறன் அதே 4.5 கிலோவாட்தான்.

கம்பி சூடேறுவது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஆகும். மின்னோட்டம் 8.3-லிருந்து 6.8 ஆகக் குறையும்போது, அம்மோட்டாரின் பொருட்டுக் கம்பியில் ஏற்படும் நஷ்டம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மேலும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று, கெப்பாசிட்டர் இல்லாத இத்தகைய மோட்டார்கள் 16-ஐத் தாங்கும். எல்லாவற்றிலும் கெப்பாசிட்டர் இருக்குமாயின் 20 மோட்டார்களைத் தாங்கும். புதிய டிரான்ஸ்பார்மர் வராமலே நான்கு கிணறுகளுக்கு இடம் உண்டாகிறது என்பதைக் கவனிக்க.

நெடுந்தூரக் கம்பிகளில் நிகழ்வது

அத்திப்பட்டிலுள்ள 210 மெகாவாட் யந்திரம் ஒன்றின் திறனைத் திறன் காரணி 1 என்று வைத்து 11 கிலோவோல்ட் அழுத்தத்திலேயே அனுப்பினால், ஒவ்வொரு கம்பியும் சுமார் 11,000 ஆம்பியர் சுமக்கவேண்டும். அதற்குத் தக்க கம்பி தென்னைமரப் பருமன் வேண்டுமோ என்று தோன்றும். அதையே 230 கிலோவோல்ட்டில் அனுப்பினால் 527 ஆம்பியர் போதும். மின்னோட்டம் குறைவதால் நஷ்டமும் குறைகிறது. கோபுரங்களின் உயரத்திற்கும் கம்பிகளுக்கு இடையிலுள்ள அகலத்திற்கும் காரணம் இவ்வுயர் அழுத்தமே.

இப்பெருங் கம்பிகளில் மெய்த்திறன் எந்தப் பக்கம் செல்லும் என்பதை எது நிர்ணயிக்கிறது? இரு முனைகளிலும் அலை எழுந்து தாழும் வேளையில் உள்ள சிறு முந்தல் பிந்தலே அதனை நிர்ணயிக்கிறது. எந்த முனையில் அலை முந்துகிறதோ அங்கிருந்து பிந்தும் முனைக்கு மெய்த்திறன் செல்லும். ஒரு நுகத்தில் பூட்டிய இரு மாடுகளில் ஒன்று சற்று முந்தி நடந்து பாரத்தை இழுப்பதைப்போல என்று கொள்ளலாம். இடைவெளி ஓர் அளவுக்குள் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். மிகுந்துவிட்டால் நுகம் தெறிக்கும். எதிர்வினைத்திறனோ பெரும்பாலும் அழுத்தம் மிகுந்த முனையிலிருந்து குறைந்த முனைக்குச் செல்வது. நெடுந்தூரம் கொண்டுபோனால் வழியெல்லாம் அழுத்தத்தைத் தாழ்த்திவிடும். ஆதலின் மெய்த்திறனைத் தொலைவிலிருந்து வரவழைக்கலாம். எதிர்வினைத்திறனைத் தேவையான இடத்திலேயே தேடிக்கொள்வது நலம் என்பது மின்சார சாஸ்திரிகளின் முடிவு.

கம்பிக்கு எல்லை உண்டு என்பதனை நாடு முழுவதும் 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் கண்டது. சுமை மிகுந்திருந்த வேளையில் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையிலுள்ள 400 கிலோவோல்ட் கம்பி அறுபட்டதுபோல் நீங்கியதும், அதன் பாரம் பிற கம்பிகளில் சாய்ந்து, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குப் பிராந்தியங்கள் இருளில் மூழ்கின. தென்னாட்டு மின்தொகுதி அப்போது அவற்றோடு ஒரே அலையில் இணைக்கப்படாமையால் தப்பியது. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31 முதல் ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பியினால் அதுவும் ஒரே தொகுதியில் சேர்ந்துள்ளது. இன்று அத்திப்பட்டு யந்திரமும் இமயமலை அடிவாரத்து யந்திரமும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன.

கடைமடை மோட்டாரின் கதி

இனி நம் கிணற்றடிக்குத் திரும்புவோம். டிரான்ஸ்பார்மருக்கு அருகிலுள்ள முதல் மோட்டாருக்கு ஏறக்குறைய முழு வோல்ட்டேஜும் கிடைக்கும். கம்பி நீள நீள, ஒவ்வொரு கிணறும் தன் பங்கை எடுத்துக்கொள்ள, கடைசிக் கம்பத்தை அடைவதற்குள் வோல்ட்டேஜ் தாழ்ந்துவிடும். வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையை அகலத் திறந்தால் கடைமடைக்காரர் பயிர் காயும் அல்லவா? அதே நிலைதான்.

மோட்டாரின் சுழற்றுவிசை வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஆகும். 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 332 வோல்ட் வந்தால், அது ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. ஆனால் சுழற்றுவிசை நூற்றில் 64 பங்காக, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகப் போய்விடும். இதனாலேயே மோட்டார் எழும்பமாட்டாமல் உறுமுகிறது. எப்படியோ எழும்பி ஓடினாலும், அதே நீரைத் தூக்கவேண்டி ஏறக்குறைய கால்பங்கு அதிக மின்னோட்டத்தை இழுக்கும். காயிலில் சூடு ஒன்றரை மடங்காகும். சூட்டினால் வார்னிஷ் கருகிக் காயில் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் மோட்டார் தீர்ந்தது. மறுபடியும் காயில் கட்டி வருவதற்குள் நாட்கள் கழிகின்றன. ஆழ்குழாய்க் கிணறாயின் மோட்டாரை மேலே தூக்கும் கூலி வேறு. அந்நாட்களில் பயிருக்கு நேரும் நஷ்டத்தை எந்தப் பட்டறையாலும் ஈடுசெய்ய முடியாது.

கெப்பாசிட்டர் வைத்தால் இத்துன்பம் முழுவதும் நீங்கிவிடும் என்று எண்ணவேண்டா. நீண்டு மெலிந்த தாழ்வழுத்தக் கம்பியில் வோல்ட்டேஜ் தாழ்வதற்குப் பெருங்காரணம் மெய்த்திறனுக்கு உரிய மின்னோட்டமே. அதனைக் கெப்பாசிட்டர் குறைப்பதில்லை. அதற்கு மருந்து கம்பியைப் பருமனாக்குவதும், டிரான்ஸ்பார்மரைக் கிணறுகளுக்கு அருகே கொண்டுவருவதுமாகும். ஆனால் டிரான்ஸ்பார்மரிலும், அதற்கு மேற்பட்ட 11 கிலோவோல்ட் கம்பியிலும், துணை மின்நிலையத்திலும் நேரும் தாழ்வைக் கெப்பாசிட்டர் நன்கு தணிக்கும். எல்லாக் கம்பிகளின் சூட்டையும் குறைக்கும். ஆகையால் இரண்டும் வேண்டும்.

குடியானவர் தாமே செய்யக்கூடியவை

முதலாவது, வேலைக்குத் தக்க மோட்டாரைத் தேர்ந்தெடுத்தல். ஐந்து குதிரைச் சக்தி போதுமான இடத்தில் ‘இருக்கட்டும்’ என்று பத்துக் குதிரைச் சக்தி மோட்டாரை வைத்தால் அது பாதிச் சுமையில் ஓடும். சுமை குறைந்தாலும் காந்தத்திற்கு வேண்டிய கைமாற்று குறைவதில்லை. ஆதலின் திறன் காரணி மேலும் தாழும். சிறு பாரத்திற்குப் பெரு வண்டி பூட்டுவது போன்றது இது.

இரண்டாவது, மோட்டாரின் அளவுக்கு ஏற்ற கெப்பாசிட்டரை அனுமதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துதல். மோட்டார் நிற்கும்போது அதுவும் கம்பியிலிருந்து விலகும்படி ஸ்டார்ட்டருக்கு அப்பால், மோட்டார்ப் பக்கத்தில் இணைக்கவேண்டும். அளவுக்கு மிஞ்சிய கெப்பாசிட்டர் தீங்கு. மோட்டாரை நிறுத்தும் கணத்தில் வோல்ட்டேஜ் உயர்ந்து காயிலைக் கெடுக்கக்கூடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கெப்பாசிட்டரில் சிறிது நேரம் சக்தி தங்கியிருக்கும். உடனே கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. வீங்கியோ எண்ணெய் கசிந்தோ காணப்படும் கெப்பாசிட்டர் செயலற்றது, அதனை மாற்றவேண்டும். பொருத்தியதோடு மறந்துவிட்டு, அது செத்துக் கிடப்பதை அறியாமல் இருப்பவர் பலர்.

மூன்றாவது, இருமுனை மின்சாரம் மட்டும் வரும் நேரத்தில் மும்முனை மோட்டாரைக் கன்வெர்ட்டர் வைத்து ஓட்டும் வழக்கத்தை விடுதல். இதில் மூன்று காயில்களுக்கும் சமமான பங்கு கிடைப்பதில்லை. ஒரு காயில் மிகச் சூடேறும். டிரான்ஸ்பார்மரின் முனைகளும் ஏற்றத்தாழ்வு அடைந்து, ஊருக்கே கேடு விளையும்.

நான்காவது, நீரைத் தூக்கும் வேலையையே குறைத்தல். சிறு விட்டமுள்ள குழாயும், தேவையற்ற வளைவுகளும், அடைத்துக்கொண்ட அடிவால்வும் மெய்த்திறனை விழுங்குகின்றன. மீஞ்சூர்ப் பகுதியைப் பொறுத்தவரையில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. சென்னை நகருக்கும் வடசென்னை ஆலைகளுக்குமாக இங்கே பல ஆண்டுகள் நிலத்தடி நீர் மிகுதியாக எடுக்கப்பட்டது, விவசாயத்திற்கும் இறைக்கப்பட்டது. அதனால் நீர்மட்டம் தாழ்ந்து, கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துப்போன வரலாற்றை இவ்வூரார் நன்கறிவர். மிச்சமான மின்சாரத்தைக் கொண்டு மேலும் ஆழத்திலிருந்து இறைக்க எண்ணுவது மிச்சம் ஆகாது.

ஊர் கூடிச் செய்யவேண்டியது

வடசென்னையின் பெரிய ஆலைகள் உயர் அழுத்த இணைப்புப் பெற்றவை. அவற்றின் கட்டணத்தில் ஒரு பகுதி கே.வி.ஏ. அளவின்மீது விதிக்கப்படுகிறது, திறன் காரணி 0.90-க்குக் கீழே தாழ்ந்தால் அதற்கென்று தனித் தண்டக் கட்டணமும் உண்டு. ஆகையால் ஆலைக்காரர்கள் கெப்பாசிட்டர் வைப்பது பிறர் நலத்தை நினைத்து அன்று. பில்லைப் பார்த்தே வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுக்கு மின்சாரம் இலவசமாக அளிக்கப்படுகிறது. இது குடியானவர்க்குப் பெரும் அனுகூலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பில் என்ற கண்ணாடி இல்லாமையால், அவருடைய மோட்டார் எவ்வளவு கைமாற்று வாங்குகிறது என்பதை அவர் காண வழியில்லாமல் போயிற்று. அவருக்கு வரும் பில் வேறு வடிவில் வருகிறது: காயில் கட்டும் கூலியாகவும், எரிந்த டிரான்ஸ்பார்மருக்காகக் காத்திருக்கும் நாட்களாகவும், பதராய்ப் போன கதிராகவும் வருகிறது.

மேலும் ஒருவர் மட்டும் கெப்பாசிட்டர் வைத்தால் அவருக்கு நேரே தெரியும் பலன் சொற்பமே. பலனில் பெரும்பகுதி அதே டிரான்ஸ்பார்மரிலுள்ள மற்றவர்க்கும் பங்காகிவிடும். ‘அவர் வைக்கட்டும், பார்க்கலாம்’ என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டால் ஒருவரும் வைக்கமாட்டார். ஏரி மதகைப் பழுதுபார்ப்பதும் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவதும் நம் முன்னோர் காலத்தில் குடிமராமத்தாக, ஊரார் கூடி, பங்கு போட்டு நடந்த வேலைகள். தனித்தனியே செய்தால் பயன் தராது என்று அவர்கள் அறிந்திருந்தனர். டிரான்ஸ்பார்மரும் அதுபோன்ற ஒரு பொது மதகே. ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த கிணற்றுக்காரர்கள் அனைவரும் ஒரே பருவத்தில், நாற்றங்காலுக்கு நீர் விடுவதற்கு முன்பாக, இவ்வேலையை முடிப்பது உசிதம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் இதில் பெரிதும் உதவலாம். டிரான்ஸ்பார்மர் வாரியாக, எத்தனை மோட்டார்கள், என்ன குதிரைச் சக்தி, கெப்பாசிட்டர் உண்டா, அது உயிரோடு இருக்கிறதா என்று ஒரு ஜாபிதா தயாரித்தால், மின்வாரியத்தாரிடம் முறையிடும்போது அது வலுவான சான்றாகும். ‘வோல்ட்டேஜ் இல்லை’ என்று மட்டும் எழுதிய மனுவைவிட, ‘100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் இத்தனை மோட்டார்கள் உள்ளன; அனைத்திலும் கெப்பாசிட்டர் வைத்தாயிற்று; கடைசிக் கம்பத்தில் மாலை வேளையில் இத்தனை வோல்ட் வருகிறது’ என்று எழுதிய மனுவுக்கு மறுமொழி கூறுவது எவர்க்கும் எளிதன்று. தம் கடமையை முடித்தவர் கேட்பது உரிமையாகிறது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைச் சுருக்கமாக நினைவில் வைக்கலாம்:

1. நீரை இறைப்பது மெய்த்திறன் மட்டுமே. அது நீரின் எடையையும் தூக்கும் உயரத்தையும் பொறுத்தது.

2. மோட்டாரின் காந்தத்திற்கு வேண்டிய எதிர்வினைத்திறன் வேலை செய்யாவிடினும் கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் நிரப்புகிறது.

3. அதனைக் கிணற்றடியிலேயே கெப்பாசிட்டர் மூலம் பெற்றுக்கொண்டால், கம்பி நஷ்டம் மூன்றில் ஒரு பங்கு வரையிலும் குறையும்.

4. அளவுக்கு மிஞ்சிய மோட்டாரும், அளவுக்கு மிஞ்சிய கெப்பாசிட்டரும் ஆகா.

5. நீண்டு மெலிந்த கம்பியால் வரும் வோல்ட்டேஜ் தாழ்வுக்குக் கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் சீர்படுத்துவதே பரிகாரம்.

6. ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்தவர்கள் ஒருங்கே செய்தால் எல்லார்க்கும் பலன் உண்டு.

எண்ணூர்க் கழிமுகத்தின் கரையில் வாழும் மீனவரும் குடியானவரும் அனல் நிலையங்களின் சாம்பலால் பட்ட அல்லல்கள் பல. நெடுந்தூரக் கம்பிகளிலும் ஊர்க் கம்பிகளிலும் வீணே சூடாகிப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எங்கேனும் ஒரு பிடி நிலக்கரி எரிந்திருக்கவேண்டும். அதன் சாம்பல் எவர் வாசலிலேனும் படிந்திருக்கவேண்டும். கிணற்றடியில் ஒரு சிறு கருவியைப் பொருத்துவதும், அது பழுதுபடாமல் பார்த்துக்கொள்வதும் இதற்குக் குடியானவர் செய்யக்கூடிய உதவிகளாகும். அடுத்த சொர்ணவாரிப் பட்டத்தில் தம் ஊரின் கடைசிக் கம்பத்து மோட்டார் உறுமாமல் எழும்புகிறதா என்று அன்பர்கள் சோதித்துப் பார்ப்பார்களாக. கடைமடைக்கு எட்டிய பிறகுதான் ஊர் முழுவதற்கும் நீர் பாய்ந்ததாகச் சொல்லலாம்.